ஊசி பழகும் கை

குத்துவது கரி, தெரிவது பச்சை. விளக்குப் புகையில் திரட்டிய கறுப்பு மையைத்தான் குறத்தியர் தோலுக்குள் செலுத்தினர். புண் ஆறிய பின் அது நீலம் கலந்த பசுமையாகத் தோற்றம் தந்தது. தோலுக்குள் புகும் ஒளியில் செந்நிறப் பகுதியைக் கரி விழுங்கிவிடுகிறது. நீலப் பகுதியோ கரியை எட்டுமுன்பே தோலில் சிதறித் திரும்பிவிடுகிறது. அதனால் நேரும் மயக்கம் இது என்கிறது ஒளியியல். நம்மவர் கண்ணில் பட்டதையே பெயராக்கிக்கொண்டனர். ஆயினும், ‘பச்சை’ என்பதற்குத் தமிழில் நிறம் மட்டுமா பொருள்? பச்சைப்புண், பச்சைமண், பச்சை உடம்பு என்று ஆறாத, வேகாத, தேறாத நிலைகளையெல்லாம் அச்சொல்லால்தான் குறிக்கிறோம். புண்ணாக இருக்கையிலும் பச்சை, ஆறிய பின்னும் பச்சை. இத்தனை பொருத்தமான தொழிற்பெயர் வேறொன்று தமிழில் உண்டா என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். சட்டென நினைவுக்கு வரவில்லை.

பச்சை குத்துதலின் தொன்மையைப் பேசப் புகுவோர் உடனே சங்க இலக்கியத்துத் தொய்யிலுக்குத் தாவிவிடுவதைப் பல கட்டுரைகளில் காண்கிறோம். இது ஏற்கத்தக்கதன்று. கலித்தொகை முதலான நூல்களில் வரும் தொய்யில், மகளிர் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பு போன்றவற்றால் எழுதப்பட்ட கோலம். கரும்பு முதலிய வடிவங்களைத் தலைவனே எழுதுவதும் உண்டு. அது எழுதப்படுவது, குத்தப்படுவதன்று. நீராடினால் அழியும், தழுவினால் கலையும். அழியும் தன்மையில்தான் அதன் அகப்பொருட்சுவையே இருக்கிறது. பச்சையோ அழியாது. இரண்டையும் ஒன்றாக்கினால் தொய்யிலுக்கும் நீதி செய்யவில்லை, பச்சைக்கும் செய்யவில்லை. இரண்டுக்கும் பொதுவாக நிற்பது ஒன்றுதான்: உயிருள்ள மேனியின் மீது நடுங்காமல் கோடு இழுக்கத் தெரிந்த ஒரு கை. அந்தக் கை எவ்வாறு பழகியது, இன்று எவ்வாறு பழகுகிறது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

நமக்குக் கிடைக்கும் விரிவான பழைய குறிப்பு ஆங்கில அதிகாரி ஒருவர் எழுதியது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெளியிட்ட இனவரைவியல் குறிப்புகளில் பச்சை குத்தும் குறவர் குலப் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மண்டையோட்டின் அகலத்தையும் மூக்கின் நீளத்தையும் அளந்து மனிதரை வகைப்படுத்த முயன்றவர் அவர். அந்த அளவுகோல்கள் இன்று மதிப்பிழந்துவிட்டன. ஆனால் தொழில் நுணுக்கங்களைக் கண்டவாறே எழுதிவைக்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மை தயாரிப்பு அவர் குறிப்பின்படி இவ்வாறு. மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து விழுதாக அரைக்க வேண்டும். விழுதை மெல்லிய துணியில் பூசித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் ஊற்றிய அகலில் இட்டு ஏற்ற வேண்டும். விளக்கின் மேல் புதிய மண்சட்டியைக் கவிழ்த்தால் அதன் உட்புறத்தில் கரி படியும். அதைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தால் மை. வீட்டில் கண்மை கூட்டிய பாட்டிமாரைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. கண்ணுக்குள் இட்டாலும் உறுத்தாத அளவுக்கு நுண்ணிய கரியைத் திரட்டும் அடுக்களை அறிவுதான் இங்கே தோலுக்கு இடம் மாறியிருக்கிறது. தொழிலுக்குப் புதியவளாக வரும் சிறுமி முதலில் இந்தச் சட்டியைத்தான் சுரண்டியிருப்பாள் என்பது என் ஊகம். எந்தக் கைத்தொழிலிலும் கருவியைத் தொடுமுன் பொருளைத் தொடவைப்பதே வழக்கம்.

அடுத்தது குத்தும் முறை. மழுங்கிய குச்சியை மையில் தோய்த்து வடிவத்தை முதலில் தோல்மீது வரைவார்கள். சேர்த்துக் கட்டிய ஊசிகளால் அக்கோட்டின்மேல் குத்தி மையை இறக்குவார்கள். தண்ணீரால் கழுவி, மறுபடி மை தேய்த்து, எரிச்சல் தணிய எண்ணெயும் வீக்கம் வராதிருக்க மஞ்சளும் தடவுவார்கள். வலியிலிருந்து கவனத்தைத் திருப்பப் பாட்டும் உண்டு. சென்னையில் ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணா, பெரிய வேலைப்பாட்டுக்குப் பன்னிரண்டு அணா வரை கூலி. தேள், மீன், பறவை, பூ, நாமம், தமிழிலோ தெலுங்கிலோ பெயர், சில கைகளில் சிலுவை என வடிவங்கள் பலவாக இருந்தன.

இவை ஒவ்வொன்றுக்கும் இன்றைய கடையில் ஒரு மறுபிறப்பு உண்டு. குச்சியால் வரைந்தது இப்போது நகல்தாளிலிருந்து ஊதா நிறத்தில் தோலுக்கு ஒற்றப்படுகிறது. நூலால் கட்டிய ஊசிகள், மூன்று, ஐந்து, ஏழு என்று வட்டமாகப் பற்றவைத்துப் பொதியில் வருகின்றன. ஊசிகளைச் சேர்த்துக் கட்டுவது வேகத்துக்காக மட்டுமன்று. நெருங்கி நிற்கும் ஊசிகளின் இடுக்கில் மை தானாக ஏறி நிற்கும். ஒற்றை ஊசியில் அது நிற்காது. முனை மட்டும் சற்றே வெளியே தெரியுமாறு நூலை இறுகச் சுற்றிவிட்டால், அந்தச் சுற்றே ஆழத்தின் எல்லையாகவும் அமைந்துவிடும்.

ஆழம்தான் இத்தொழிலின் உயிர்நிலை. தோலின் மேலடுக்கு பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். சில வாரங்களில் அது உதிர்ந்து புதிதாகிவிடும். அங்கே மட்டும் மை தங்கினால் கூடவே உதிர்ந்துபோகும். அதற்குக் கீழுள்ள அடுக்கில் இறங்கினால் நிலைக்கும். ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் என்று கணக்குச் சொல்வார்கள்; ஆனால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் அந்தக் கணக்கு ஒன்றல்ல. இன்னும் கீழே, கொழுப்படுக்கில் விட்டுவிட்டால் கோட்டின் இருபுறமும் நீலப்புகைபோல் மை பரவிவிடும். புதியவர்கள் அஞ்சும் முதல் பிழை அதுவே. நிலைத்த மையும் அசையாமல் கிடப்பதில்லை. பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளைக் கொண்டு காட்டியது வியப்பானது. மைத்துகளை விழுங்கி வைத்திருக்கும் காப்புச் செல் சாகும்போது துகளை விட்டுவிடுகிறது. அடுத்து வரும் செல் அதை எடுத்து விழுங்கிக்கொள்கிறது. கைமாறிக் கைமாறித்தான் ஒரு கோடு அறுபது ஆண்டு நிற்கிறது.

தர்ஸ்டனின் குறிப்பில் மை உண்டு, ஊசி உண்டு, கூலி உண்டு. எவளிடம் எவள் கற்றாள், எத்தனை நாள் கற்றாள், முதல் பிழையை யாருடைய கையில் செய்தாள் என்பது இல்லை. இந்த இடைவெளியை நிரப்பும் சான்று எதிர்பாராத இடத்தில் இருக்கிறது என்று கருதுகிறேன். அது வாசற்கோலம். 1937இல் மானிடவியலறிஞர் ஜான் லேயர்ட், தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சை வடிவங்களையும் ஒப்பிட்டு நீண்ட கட்டுரை ஒன்றை இங்கிலாந்தின் நாட்டார் வழக்காற்று இதழில் வெளியிட்டார். பசிபிக் தீவான மாலேகுலாவில் மணலில் விரலெடுக்காமல் வரையும் சித்திரங்களைக் கண்டுவந்தவர் அவர். தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் ஒற்றை இழையும், கோட்டை எனப்படும் சுழல்வழியும் வாசலிலும் முன்கையிலும் ஒருசேர இருப்பதை அவர் கவனித்தார். அவர் அதற்குக் கற்பித்த மரணச் சடங்கு விளக்கங்களில் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. எதைக் கண்டாலும் மறுவுலகப் பயணமாகக் காணும் காலம் அது. ஒப்புமை மட்டும் உண்மை.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிப்ட் சிரோமணி தம் துணைவியார் ராணியோடும் கமலா கிருத்திவாசனோடும் சேர்ந்து 1974இல் கோலங்களின் வரைவிலக்கணத்தைக் கணித மொழியில் வகுத்தார். சில அடிப்படை அசைவுகளும் அவற்றைச் சேர்க்கும் விதிகளும் போதும், எத்தனை பெரிய சிக்குக்கோலமும் விரியும் என்பது அந்த ஆய்வுகள் தெளிவாக்கிய செய்தி. பெண்கள் மனத்தில் வைத்திருப்பது படத்தையன்று, அசைவுகளை. பச்சை குத்தும் கைக்கு வேண்டியதும் அதுவே. மாவு சீராக விழ வேண்டுமானால் கை ஒரே வேகத்தில் நகர வேண்டும். நின்றால் திட்டு விழும். விரைந்தால் இழை அறும். வளைவில் மணிக்கட்டைத் திருப்பினால் கோணும், தோளிலிருந்து முழுக்கையையும் நகர்த்தினால் வளைவு வட்டமாக வரும். இன்று பச்சை குத்தப் பயில்வோருக்குச் சொல்லப்படும் முதல் பாடங்களும் இவையே. நாள்தோறும் விடியலில் வரைந்து, மிதிபட்டு அழிந்து, மறுநாள் மீண்டும் வரைவதற்கென்று கிடைத்த பயிற்சித் தாளாக வாசல் இருந்திருக்கிறது. பிழைக்கு அங்கே தண்டனை இல்லை. தமிழ்நாட்டில் பச்சை குத்தியவர்களும் குத்திக்கொண்டவர்களும் பெரும்பாலும் பெண்களாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இந்தத் தொடர்ச்சி ஏன் அறுந்தது? நாகரிகம் மாறியது என்று ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். நாகரிகம் மட்டுமன்று. பச்சை குத்துதல் ஊர் ஊராகப் போய்ச் செய்யும் தொழில். 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் புதிய வடிவம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களில் பல பிரிவினர் அடுத்த சில ஆண்டுகளில் அதன்கீழ் அறிவிக்கப்பட்டனர். காவல் நிலையத்தில் பதிவு, கைரேகை, அனுமதியின்றி வெளியூர் போகத் தடை என்றானபின், நடந்து செய்யும் தொழில் எவ்வாறு நடக்கும்? சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது 1947இல்தான். (ஒன்றை இடையில் சொல்லிவிட வேண்டும். குறவரையும் நரிக்குறவரையும் ஒருவராகவே எழுதுவது இன்றும் இதழ்களில் தொடர்கிறது. வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் வேறு சமூகத்தினர். 2023 தொடக்கத்தில் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள் அவர்களே.)

அரசும் ஊசி பிடித்ததுண்டு என்பது இதைவிடக் கசப்பான செய்தி. கும்பினி ஆட்சியில் வங்காளத்திலும் சென்னையிலும் கடுங்குற்றவாளிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சையாகப் பொறித்தார்கள். ‘கோட்னா’ என்ற அந்த வழக்கம் 1849இல் ஒழிக்கப்பட்டது. ஒருத்தி பன்னிரண்டு அணா கொடுத்து வாங்கிய அழகும், அரசு இலவசமாக அளித்த இழிவும் ஒரே நுட்பத்தால் ஆனவை. 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினரைக் கட்சிச் சின்னத்தைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னபோது கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளையொட்டிச் சென்னையில் நூற்றுக்கணக்கானோருக்கு அவர் உருவம் குத்தப்பட்டது. வலியில் அழுத சிறுவர்களின் காட்சி கண்டனத்துக்குள்ளானது. யார் ஊசி பிடிக்கிறார் என்பதைவிட யார் கை நீட்டுகிறார், விரும்பித்தான் நீட்டுகிறாரா என்பது முதற்கேள்வி.

துறைமுகத்தின் பங்கையும் குறிப்பிட வேண்டும். சென்னையில் தங்கியிருந்த பர்மியப் பச்சைக்காரர் ஒருவரைப் பற்றித் தர்ஸ்டன் சொல்கிறார். ஐரோப்பியச் சிப்பாய்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். மாதிரி வடிவங்கள் கொண்ட ஏடு அவரிடம் இருந்தது. குறத்தியின் மாதிரி ஏடு அவள் நினைவிலும் அவள் மேனியிலும் இருக்க, இவருடையது தாளில் இருந்தது. தொழிலின் இயல்பே மாறும் இடம் இது. 1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ’ரைலி, எடிசனின் மின்பேனாவை அடியொற்றிய பச்சைப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பொறியின் எளிய வழித்தோன்றல்கள் பிற்காலத்தில் நம் திருவிழாக்களுக்கு மின்கலத்தோடு வந்து சேர்ந்தன. தட்டியில் எண்ணிட்ட படங்கள், ஒரே ஊசி, எல்லாக் கைக்கும் ஒரே மைக்கிண்ணம். குருதிவழி பரவும் கல்லீரல் அழற்சி பற்றிய அறிவு பரவலாகாத நாட்களில் எத்தனை பேர் அதில் நோயுற்றார்களோ. மேனியில் பாட்டோடு இறங்கிய கோலம் பொறியில் வந்தபோது, பாட்டும் போயிற்று, கோலமும் போயிற்று. இதயமும் அம்பும் மிஞ்சின.

நெட்டுக்குப்பத்துக்கு வருவோம். கொசஸ்தலையாறு கடலைச் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பம். ஆற்றில் இறாலும் நண்டும் மடவையும், கடலில் மற்றவையும் பிடித்து வாழ்ந்த ஊர். 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களில் வந்த வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் என்று சுற்றிலும் சாம்பலும் நிலக்கரியும். பச்சையின் மூலப்பொருளான கரி ஊர்முழுதும் படிந்திருக்க, அதைத் தோலுக்குள் இறக்கத் தெரிந்தவர்கள் மட்டும் இல்லாமற்போனார்கள். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் முகத்துவாரம் முழுவதும் பரவியது. படகும் வலையும் கறுத்தன.

என்னிடம் இளங்கலை பயின்ற மாணவன் ஒருவன் இவ்வூர்க்காரன். அந்த எண்ணெய்க்குப் பின் தந்தையின் வலையை நம்பியிருக்க முடியாதென்று பச்சை குத்தப் பயிலத் தொடங்கினான். சொந்தமாக வாங்கிய எளிய பொறி, ரப்பர்போன்ற பயிற்சித் தோல், வாழைப்பழம், சந்தையில் வாங்கிய பன்றித்தோல். “ஐயா, ரப்பர்ல கோடு நேரா வருது, மனுஷன் மேல வளையுது” என்று ஒருநாள் குறைப்பட்டான். ரப்பர் மூச்சு விடுவதில்லை, வியர்ப்பதில்லை, சுருக்கென்றால் இழுத்துக்கொள்வதில்லை. குத்தும் கையைவிடத் தோலை இழுத்துப் பிடிக்கும் மற்றக் கைதான் நேர்க்கோட்டைத் தருகிறது என்பதை அவன் கண்டுகொள்ளவே நான்கு மாதமாயிற்று. கைபேசியில் வெள்ளைக்காரர் காட்டும் மஞ்சளும் ஆரஞ்சும் நம்மூர்க் கையில் மங்கிப்போவதும் அப்படித்தான் தெரியவந்தது. நிறமி மேலடுக்கில் இருக்கிறது, மை அதற்குக் கீழே. நம் தோலின் பழுப்பு வழியாகத்தான் எந்த நிறமும் தெரிந்தாக வேண்டும். இந்தத் தோலில் கறுப்பும், கறுப்புக்கு நடுவே விடும் இடைவெளியுமே பேசும். குறத்தியர் அதை அறிந்திருந்தனர்.

பிலிப்பைன்ஸ் மலைநாட்டில் நூறு வயது கடந்த வாங்-ஓட், முள்ளைத் தட்டிக் குத்தும் கலையைத் தம் பேத்தி முறையினருக்குக் கற்றுக்கொடுத்ததைப் படித்தபோது, நம்மிடம் அத்தகைய ஆசிரியை ஒருத்தியேனும் எஞ்சியிருக்கலாகாதா என்று ஏங்கினேன். என் மாணவனுக்கு ஆசிரியை இல்லை. ஆசிரியை விட்டுச்சென்ற பாடம் ஒன்று வீட்டில் இருந்தது. அவன் ஆயாவின் முன்கையில் ஐந்துக்கு ஐந்து புள்ளியில் ஒரு சிக்குக்கோலம். மணமான ஆண்டில் குத்திக்கொண்டதாம். குத்தியவள் பெயர் ஆயாவுக்கு நினைவில்லை; வெற்றிலைக்கும் சேர்த்துக் காசு வாங்கினாள் என்பது நினைவிருக்கிறது. மெல்லிய தாளைக் கைமேல் வைத்து அதைப் படியெடுத்தான். சுருங்கிய தோலில் கட்டங்கள் சாய்ந்திருந்தன. விரலால் இழுத்துப் பிடித்துப் பிடித்து ஒரு மாலை முழுதும் எடுத்தான்.

படியெடுத்ததில் அவன் கற்றது மிகுதி. புள்ளிகளுக்கிடையே இன்றைய கண்ணுக்கு வீணாகத் தோன்றும் அளவு இடம் விட்டிருந்தாள் அந்தப் பெயரறியாப் பெண். அறுபது ஆண்டில் ஒவ்வொரு கோடும் பருத்து அந்த இடத்தைத் தின்றிருக்கிறது. ஆனாலும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அன்று அழகுக்காகக் கோடுகளை நெருக்கியிருந்தால் இன்று அது வெறும் நீலத் திட்டு. கோடு எங்கே தொடங்கியதென்பதும் தெரிகிறது: ஓரிடத்தில் மட்டும் இழை இரண்டு முறை ஏறியிருக்கிறது. மணிக்கட்டின் பக்கம் கோடு வெளுத்திருக்கிறது. தோல் மெலிதென்று அங்கே கையை இலேசாக்கியிருக்கிறாள்.

அவன் முதல் மனிதத்தோல் தன்னுடைய தொடையே. ஆயா தம் மற்றக் கையை நீட்டினார், மறுத்துவிட்டான். முதுமைத்தோல் காகிதம்போல் கிழியும், பயில்பவன் தொடக்கூடாத இடம் அது என்று அதற்குள் தெரிந்திருந்தது. கோலத்தை முழுதாக மீட்டு, கேட்பவர்க்கு அதையே குத்த வேண்டும் என்பது அவன் எண்ணம். ஒரு தடை இருக்கிறது. கோலத்தின் மேல்மூலையில், முழங்கைக்கு அருகே, அம்மைகுத்திய வடு. அரசாங்கத்து ஊசி அந்த இடத்தில் இரண்டு சுழிகளை அழித்துவிட்டது. எஞ்சிய இழைகளை இரண்டு விதமாக இணைக்கலாம். ஒரு விதத்தில் கோலம் ஒற்றை இழையாக முடிகிறது, மற்றதில் இரண்டு இழையாகப் பிரிகிறது. ஒற்றை இழைதான் முறை என்கிறார் அவன் அத்தை. குத்தியவள் வாய்நிறையப் பேசிக்கொண்டே குத்தினாள், எப்படி முடித்தாளோ என்கிறார் ஆயா. அவன் வரைந்து வைத்திருக்கும் தாளில் அந்த மூலை இப்போதைக்கு வெறும் புள்ளிகளாகவே இருக்கிறது.